6 பேருக்கு அனுமதி, 14 பேர் குடித்தனம்: ஈசூன் வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நான் சிங்கப்பூரில் வீடுகளை வாடகைக்குப் பிடித்துக்கொடுக்கும் சொத்து முகவர். 2024 தீபாவளியன்று வெளிச்சத்துக்கு வந்து 2025 பிப்ரவரியில் முடிந்த ஒரு விவகாரத்தை இங்கே பதிவு செய்கிறேன். வீட்டுக்காரரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். இதில் என் தவறுகளும் உண்டு. அவற்றை அந்தந்த இடத்திலேயே சொல்லியிருக்கிறேன்.

பின்னணி

வீட்டுக்கார அக்காவுக்கு 60 வயது தாண்டிவிட்டது. கணவர் காலமான பிறகு, பேரனைப் பார்த்துக்கொள்ள பொங்கோலில் இருக்கும் மகள் வீட்டுக்குக் குடிபோனார். ஈசூனில் இருந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் என்ற அரசு அமைப்பு) நான்கறை வீடு பூட்டிக் கிடந்தது. (நான்கறை என்றால் மூன்று படுக்கையறை, ஒரு கூடம். கூடத்தையும் அறைக் கணக்கில் சேர்ப்பது இங்கே வழக்கம்.) சேமிப்பு கரைந்துகொண்டிருந்தது. 2023 ஜூன் மாதம் என் மூலமாக அந்த வீட்டை முழுதாக வாடகைக்கு விட்டார்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். வீவக வீடு நம் பெயரில் இருந்தாலும் நினைத்தபடி வாடகைக்கு விட முடியாது. முழு வீட்டையும் விடுவதென்றால் முதலில் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலத்தை முடித்திருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளுக்கு அது 5 ஆண்டு. உரிமையாளர் சிங்கப்பூர்க் குடிமகனாக இருக்க வேண்டும், நிரந்தரவாசிகளுக்கு அந்த அனுமதி இல்லை. குடிவரும் ஒவ்வொருவரின் பெயரையும் பாஸ் (வெளிநாட்டவர் இங்கே தங்கி வேலை செய்வதற்கான அனுமதி அட்டை) விவரத்தையும் கொடுத்து வீவகவின் அனுமதி வாங்க வேண்டும். ஒரு அனுமதிக்குக் குறைந்தது 6 மாதம். மலேசியர் அல்லாத வெளிநாட்டவர் குடியிருந்தால் அப்போது அதிகபட்சம் 2 ஆண்டு. குடியிருப்பவர் வேறு யாருக்கும் உள்வாடகைக்கு விடக்கூடாது. வீவக கட்டிக்கொடுத்த படுக்கையறைகளைத் தவிர, தடுப்பு வைத்து உருவாக்கிய அறைகளில் யாரையும் தங்கவைக்கக்கூடாது.

குடிவந்தவர்கள் 6 பேர், எல்லாரும் தமிழ்நாட்டு இளைஞர்கள். எஸ் பாஸ் (இடைநிலைத் திறன் ஊழியர்களுக்கான பாஸ்) வைத்திருந்த ஒருவர் எல்லார் சார்பிலும் கையெழுத்துப் போட்டார். அவரை இனி 'முதல் வாடகைதாரர்' என்று குறிப்பிடுகிறேன். மாத வாடகை 2,900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஒப்பந்தம் 2 ஆண்டு, டிபாசிட் இரண்டு மாத வாடகை. மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு முத்திரை வரி, அதாவது 278 வெள்ளி, கெடுவுக்குள் கட்டப்பட்டது. 6 பேரின் அசல் பாஸ்களையும் கையில் வாங்கிப் பார்த்தேன், கடப்பிதழோடு ஒப்பிட்டேன், மனிதவள அமைச்சின் இணையச் சேவையில் ஒவ்வொன்றும் செல்லுபடியாகிறதா என்று சரிபார்த்தேன். வீவக அனுமதியும் வந்தது. சாவியைக் கொடுத்தேன். அத்தோடு என் வேலை முடிந்ததாக நினைத்தேன். அடுத்த 16 மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

இடையில் நடந்தவை

எல்லாம் ஒரே நாளில் கெட்டுப்போகவில்லை. முதல் ஆண்டிலேயே இருவர் பாஸ் முடிந்து ஊர் திரும்பினார்கள். அவர்கள் பெயர்கள் அனுமதியில் அப்படியே இருந்தன. வாடகை மாதம் தவறாமல் வந்ததால் அக்காவுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

2024 ஜனவரி 22 முதல் ஒரு விதி மாறியது. உறவினர் அல்லாதவர்கள் ஒரு வீவக வீட்டில் 9 பேர் வரை தங்கலாம் என்றிருந்ததை 2018 மே மாதம் 6 ஆகக் குறைத்திருந்தார்கள். கொவிட் காலத்தில் புது வீடுகள் கட்டுவது தாமதமாகி வாடகைத் தேவை ஏறிப்போனதால், நான்கறை மற்றும் அதைவிடப் பெரிய வீடுகளுக்கு மட்டும் அந்த வரம்பைத் தற்காலிகமாக 8 ஆக உயர்த்தினார்கள். முதல் வாடகைதாரர் அக்காவைக் கூப்பிட்டு, "அரசாங்கமே 8 பேர்னு சொல்லிட்டாங்கம்மா, ரெண்டு பசங்களைச் சேர்த்துக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். அக்கா சரி என்றார். சேர்ப்பவர்களுக்கும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்பது அக்காவுக்குத் தெரியாது. என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஆனால் விதி மாறிய வாரத்தில் என் பழைய வாடிக்கையாளர்களுக்கு நான் ஒரு குறுஞ்செய்திகூட அனுப்பவில்லை.

செப்டம்பரிலும் அக்டோபரிலும் பக்கத்து வீட்டுச் சீன மூதாட்டி அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் அனுப்பினார். இரண்டிலும் வாசலில் காலணிகள் குவிந்து கிடந்தன. விடுமுறை நாள், நண்பர்கள் வந்திருப்பார்கள் என்று அக்கா எடுத்துக்கொண்டார்.

தீபாவளியன்று கண்டது

2024 அக்டோபர் 31, வியாழக்கிழமை, தீபாவளி. வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்து உழைக்கும் பிள்ளைகளாயிற்றே என்று, அக்கா ஒரு டின் முறுக்கும் 6 பொட்டலம் இனிப்பும் எடுத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஈசூனுக்குப் போனார். பொது விடுமுறை என்பதால் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். கதவைத் திறந்த பையன் யாரென்று அக்காவுக்குத் தெரியவில்லை. அவனுக்கும் அக்காவைத் தெரியவில்லை. "யாரும்மா வேணும்?" என்று கேட்டானாம். தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் முழித்ததை அக்கா இன்றைக்கும் சொல்வார். இனிப்புப் பொட்டலங்கள் போதவில்லை. முறுக்கை எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு, கீழே வாய்ட் டெக்கில் (புளோக்கின் திறந்த தரைத்தளத்தில்) உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார்.

நவம்பர் 2, சனிக்கிழமை அக்காவோடு போனேன். அறை அறையாகப் பார்த்தோம். மாஸ்டர் ரூமில் முதல் வாடகைதாரரும் இன்னொருவரும். இரண்டாவது அறையில் இரண்டு அடுக்குக் கட்டில்கள், 4 பேர். மூன்றாவதில் 3 பேர். கூடத்தில் பிளைவுட் தடுப்பு வைத்து ஓர் 'அறை', அதில் 3 பேர். தடுப்பு கூரையைத் தொடாமல் ஒரு முழம் இடைவெளி விட்டிருந்தார்கள். கூடத்து ஏர்கான் காற்று அந்தப் பக்கமும் போக வேண்டும் அல்லவா. சமையலறையில் ஒரே எக்ஸ்டென்ஷன் ஒயரில் மூன்று ரைஸ் குக்கர்கள். குளிர்பதனப் பெட்டியின் தட்டுகளில் ஒட்டுநாடா ஒட்டி, பேனாவால் பெயர் எழுதி, இடம் பிரித்திருந்தார்கள். அத்தனை பெயர்களில் எங்கள் அனுமதிக் கடிதத்தில் இருந்தவை 4தான்.

கடைசியாக பாம் ஷெல்ட்டர், அதாவது போர்க்காலத்தில் ஒதுங்குவதற்காக வீட்டுக்குள்ளேயே கட்டிய சின்ன அறை. 1998க்குப் பிறகு கட்டப்பட்ட வீடுகளில் இது இருக்கும். கனத்த காங்கிரீட் சுவர், இரும்புக் கதவு, சன்னல் கிடையாது. மற்ற நாள்களில் அரிசி மூட்டையும் பெட்டிகளும் போட்டு வைக்கும் இடம். கதவைத் தள்ளினேன். தரையை அடைத்து இரண்டு மெல்லிய மெத்தைகள், மூலையில் ஒரு சின்ன மின்விசிறி, சுவரில் ஒட்டிய முருகன் படம். மெத்தை மேல் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நிற்க முயன்றார், நிற்க இடமில்லாததால் ஒதுங்கிக்கொண்டார். என்னிடம் எப்போதும் அளவு நாடா இருக்கும். அளந்தேன். ஒன்றரை மீட்டருக்கு இரண்டு மீட்டர், ஆளுக்கு ஒன்றரைச் சதுர மீட்டர். புதிதாகக் கட்டும் ஊழியர் தங்குவிடுதிகளுக்கு மனிதவள அமைச்சு வைத்திருக்கும் அளவு ஆளுக்கு 4.2 சதுர மீட்டர்.

"கதவைச் சாத்திக்கிட்டா தூங்குறீங்க?" என்று கேட்டேன். "சாத்துனா மூச்சு முட்டும் அண்ணே. செருப்பை எடுத்து இடையில குடுத்துக்குவோம்" என்றார்.

ஆக 14 பேர். அனுமதியில் இருந்தவர்கள் முதல் வாடகைதாரரோடு 4 பேர், இல்லாதவர்கள் 10. படுக்கைக்கு 350 வெள்ளி வீதம் 11 பேர், ஷெல்ட்டரில் 250 வீதம் இருவர் என, மாதம் 4,350 வெள்ளி முதல் வாடகைதாரர் கைக்கு வந்துகொண்டிருந்தது. வாடகையும் மின்சார, தண்ணீர்க் கட்டணமும் போக, தானும் சும்மா தங்கி, ஒரு தொகையும் மிச்சம் பிடித்தார். அவரை நான் கொடியவர் என்று சொல்ல மாட்டேன். முதலில் ஊரிலிருந்து வந்த ஒருவருக்கு இடம் கொடுத்தார். அப்புறம் அவருடைய நண்பருக்கு. மூன்றாவது ஆள் வந்தபோது அது ஒரு வரும்படியாகிவிட்டது.

அந்தப் பயன்பாட்டுக் கட்டண ரசீதை வாங்கிப் பார்த்தேன். மாதம் 52 கன மீட்டர் தண்ணீர். சிங்கப்பூரில் ஓர் ஆள் நாளொன்றுக்குப் பயன்படுத்துவது ஏறக்குறைய 140 லிட்டர். அந்தக் கணக்கில் 6 பேருக்கு மாதம் 25 கன மீட்டர் ஆக வேண்டும். ரசீது முதல் வாடகைதாரர் பெயரில் போனதால் நாங்கள் பார்க்கவே இல்லை. எவ்வளவு பேர் குடியிருக்கிறார்கள் என்பதை அந்தக் காகிதம் மாதாமாதம் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

ஷெல்ட்டரில் இருந்த இருவர்

இவர்கள் விவகாரம் வேறு வகையானது. இருவரும் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்கள். கட்டுமானத் துறையில் வேலை அனுமதியில் இருப்பவர்கள். மலேசியர் அல்லாத கட்டுமானத் துறை வேலை அனுமதிக்காரர்கள் வீவக வீட்டில் வாடகைக்கு இருக்கவே முடியாது. அவர்களுக்குத் தகுந்த தங்குமிடம் தருவது முதலாளியின் சட்டக் கடமை. முகவரி மாறினால் 5 நாளுக்குள் மனிதவள அமைச்சிடம் பதிவு செய்வதும் முதலாளி வேலைதான். இவர்களுடைய நிறுவனமோ, தங்குவிடுதி ஒப்பந்தம் முடிந்ததும் மாதம் 200 வெள்ளியைச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்து, நீங்களே இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டது. பதிவில் பழைய விடுதி முகவரியே இருந்தது.

"வெளிய தெரிஞ்சா கம்பெனி ஊருக்கு அனுப்பிரும் அண்ணே. ஏஜெண்டுக்குக் கட்டுன காசே இன்னும் முடியல" என்றார் மூத்தவர். அடுத்து நாங்கள் செய்ததில் எதையும் இந்த ஒரு வாக்கியத்தை மறந்துவிட்டு முடிவு செய்ய முடியவில்லை.

எடுத்த முடிவும் அதன் காரணங்களும்

அன்று மாலை அக்கா, அவர் மகள், மருமகன், நான் நால்வரும் பேசினோம். மருமகனுக்குக் கோபம். நாளைக் காலையே பூட்டை மாற்றிவிடலாம் என்றார். வீவக நினைத்தால் வீட்டையே திரும்ப எடுத்துக்கொள்ள முடியும் என்பது அவர் பயம். அது வீண் பயமும் அல்ல, மோசமான விதிமீறல்களுக்கு அந்தத் தண்டனை உண்டு. ஆனால் ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது பூட்டை மாற்றினால் தவறு நம் பக்கம் வந்துவிடும். அதைவிட, முழுப் பணமும் கட்டிவிட்டு, விதி என்னவென்றே தெரியாத 10 பேர் அன்றிரவு பையோடு வாய்ட் டெக்கில் படுப்பார்கள். அக்கா அதற்கு ஒப்பவில்லை. "முறுக்கு குடுத்துட்டு வந்து பூட்டை மாத்தச் சொல்றியா?" என்று மருமகனைக் கேட்டார்.

இன்னொரு யோசனையும் வந்தது. ஒப்பந்தம் 2025 ஜூனில் முடியப்போகிறது, 7 மாதம் கண்டும் காணாமல் இருந்துவிடலாம். இதை நான் மறுத்தேன். ஷெல்ட்டரில் தூங்குபவர்கள், ஒரே ஒயரில் மூன்று குக்கர்கள், வெளியேறும் வழியை அடைத்த தடுப்பு. ஒரு தீ விபத்து நடந்தால் அந்த 7 மாதக் கணக்கை யாரிடம் சொல்வது?

கடைசியில் மூன்று விஷயங்கள் முடிவாயின. ஷெல்ட்டரில் இருப்பவர்கள் அன்றிரவே கூடத்துக்கு மாற வேண்டும், குக்கர்களை வெவ்வேறு பிளக்கில் போட வேண்டும். எல்லாரையும் உட்காரவைத்துப் பேசி, மூன்று வாரத்துக்குள் வேறு இடம் பார்க்கச் சொல்ல வேண்டும். வீவகவுக்கு நாமாகவே எழுதிச் சொல்லிவிட வேண்டும்.

நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை, 14 பேரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். உள்வாடகை சட்டத்துக்குப் புறம்பானது என்பது அவர்களில் பலருக்கு அன்றுதான் தெரியும். வாடகைக்கு ரசீது போல பேநவ் (கைபேசி வழியாக வங்கிப் பணம் அனுப்பும் சேவை) பதிவு கையில் இருந்ததால், தாங்கள் முறையான குடியிருப்பாளர்கள் என்றே நம்பியிருந்தார்கள். எல்லாருக்கும் இருந்த கேள்வி ஒன்றுதான்: முன்பணமாகக் கொடுத்த ஒரு மாத வாடகை திரும்பக் கிடைக்குமா?

அக்காவுக்கும் அவர்களுக்கும் ஒப்பந்தம் எதுவும் இல்லை. அவர்கள் பணம் முதல் வாடகைதாரரிடம், அவர் டிபாசிட் 5,800 வெள்ளி அக்காவிடம். எல்லாரையும் காலி செய்யச் சொல்லி, டிபாசிட்டை முதல் வாடகைதாரரிடம் கொடுத்தால், மற்றவர்களுக்குப் போய்ச் சேரும் என்று யாரும் நம்பவில்லை. அவரிடம் தனியாகப் பேசினேன். மீதி மாதங்களுக்கான வாடகையை அக்கா கேட்க மாட்டார். அதற்குப் பதிலாக, 13 பேரின் முன்பணத்தையும் அக்காவே டிபாசிட்டிலிருந்து நேரடியாக அவரவர் கணக்குக்கு அனுப்ப அவர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். அரை மணி நேரம் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வீவக வாடகைப் பரிவர்த்தனைப் பணத்தை முகவர் தொடக்கூடாது என்பது எங்கள் தொழில் விதி. அதனால் எல்லாப் பணமும் அக்காவின் பேநவ் வழியாகவே போனது, நான் பட்டியல் மட்டும் போட்டுக்கொடுத்தேன்.

ஷெல்ட்டர் ஆட்கள் இருவரையும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் அமைப்பான வெளிநாட்டு ஊழியர் நிலையத்தோடு பேச வைத்தேன். தமிழிலேயே பேச முடிந்ததில் அவர்களுக்குப் பாதிப் பயம் போய்விட்டது. தங்குமிடம் தர வேண்டியது நிறுவனம், நீங்கள் குற்றவாளிபோல ஒளிய வேண்டியதில்லை என்று அங்கே விளக்கினார்கள்.

நான் செய்த தாமதம்

வீவகவுக்கு எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். எழுதுவதென்றால் முழுசாக எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டேன். 14 பேரின் பாஸ் பிரதி, யார் எப்போது குடிவந்தார்கள், யார் எங்கே படுத்திருந்தார்கள் என்ற வரைபடம், காலி செய்யும் தேதிகள். ஷிப்டு வேலைக்காரர்களிடமிருந்து அவற்றைச் சேகரிக்க நான்கு நாள் ஓடிவிட்டது. கடிதம் என் கணினியில் முக்கால்வாசி முடிந்து கிடந்தது.

நவம்பர் 7, வியாழக்கிழமை இரவு 8 மணி வாக்கில் வீவக அதிகாரிகள் இருவர் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். புகார் ஏற்கெனவே போயிருந்தது. அக்கா என்னைக் கூப்பிட, நான் 9 மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். அதற்குள் பாதி வேலை முடிந்திருந்தது. அதட்டல் எதுவும் இல்லை. ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் வாங்கிப் பார்த்தார்கள். எப்போது குடிவந்தீர்கள், யாருக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். கட்டில், தடுப்பு, ஷெல்ட்டர் எல்லாவற்றையும் படம் எடுத்தார்கள். ஷெல்ட்டர் அன்று காலியாக இருந்தது, ஆனால் முருகன் படம் சுவரில் இருந்தது. பெண் அதிகாரி அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, இங்கே எத்தனை பேர் தூங்கினார்கள் என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன்.

கடிதம் தயாராகிக்கொண்டிருந்தது என்றும் சொன்னேன். அனுப்பாத கடிதத்துக்கு மதிப்பு இல்லை என்பது அவர் சொல்லாமலே விளங்கியது. மறுநாள் காலையில் அனுப்பினேன். அது 'நாங்களாகச் சொன்னது' என்ற கணக்கில் சேரவில்லை.

இந்தத் தாமதத்தால் அக்காவைவிட அதிகமாகப் பாதிக்கப்பட்டவர்கள் அந்த 10 பேர். ஞாயிற்றுக்கிழமை மூன்று வாரம் தருகிறோம் என்று சொன்ன நாமே நான்கே நாளில் அதிகாரிகளை வரவழைத்துவிட்டோம் என்று அவர்கள் எண்ணிவிட்டார்கள். மூன்றாவது அறையிலிருந்து இருவர் அன்றிரவே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தொலைபேசியை எடுக்கவில்லை. அவர்கள் முன்பணத்தைக் கொடுக்க, பக்கத்துக் கட்டில்காரர் மூலமாகத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் டிசம்பர் பிறந்துவிட்டது.

அடுத்து நடந்தவை

நவம்பர் 9, 10 தேதிகளில் கான்ட்ராக்டர் வந்து தடுப்பைப் பிரித்து எடுத்துப்போனார், 600 வெள்ளி. நவம்பர் 14ஆம் தேதி ஷெல்ட்டர் ஆட்கள் இருவரையும் நிறுவனம் ஒரு தங்குவிடுதிக்கு மாற்றியது. இருவரும் இன்னும் இங்கேதான் வேலை செய்கிறார்கள். 24ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கடைசி ஆள் சாவியைக் கொடுத்தார். முதல் வாடகைதாரரும் அன்றுதான் கிளம்பினார்.

13 பேருக்குத் திரும்பப் போனது 4,350 வெள்ளி. தடுப்பை எடுக்க 600, சுவர்ப் பூச்சுக்கும் ஓட்டை அடைக்கவும் 700. டிபாசிட்டில் மிஞ்சிய 150 வெள்ளியை அக்கா முதல் வாடகைதாரருக்கு அனுப்பினார். கணக்குத் தாளை அவருக்கும் ஒரு பிரதி அனுப்பினோம்.

டிசம்பர் கடைசியில் வீவகவிடமிருந்து அக்காவுக்கு எழுத்துபூர்வ எச்சரிக்கை வந்தது. குடியிருப்பவர்களை முறையாகக் கண்காணிப்பது உரிமையாளரின் பொறுப்பு, மீண்டும் நடந்தால் கடும் நடவடிக்கை என்ற பொருளில் இருந்தது. அக்கா அந்தக் கடிதத்தை எடுத்துப்போய்ப் பக்கத்து வீட்டு மூதாட்டியிடம் காட்டி, செப்டம்பரிலேயே நீங்கள் அனுப்பிய படத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை என்று மன்னிப்புக் கேட்டார். எனக்கு இந்த விவகாரத்திலேயே மனதில் நின்ற காரியம் அது.

2025 பிப்ரவரியில் மறுபடி வாடகைக்கு விடப் பார்த்தோம். மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு முழு வீட்டையும் விடுவதற்கு ஒதுக்கீட்டு வரம்பு உண்டு: வட்டாரத்தில் 8 விழுக்காடு, புளோக்கில் 11 விழுக்காடு. அந்த மாதம் எங்கள் புளோக்கில் வரம்பு நிரம்பியிருந்தது. மலேசியத் தமிழ்க் குடும்பம் ஒன்று கிடைத்தது, கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். வாடகை 2,800 வெள்ளி. பழையதைவிட 100 குறைவு. அக்கா யோசிக்காமல் ஒப்புக்கொண்டார்.

இப்போது வேறு மாதிரி செய்பவை

புது ஒப்பந்தத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, இரண்டு நாள் முன்கூட்டிச் சொல்லிவிட்டு உரிமையாளர் வந்து பார்க்கலாம் என்று ஒரு விதி சேர்த்திருக்கிறோம். பல ஒப்பந்தங்களில் இது ஏற்கெனவே இருக்கும், யாரும் பயன்படுத்துவதில்லை. போகும் தேதியை நான் நாள்காட்டியில் போட்டு அக்காவுக்கு நினைவுபடுத்துகிறேன். தண்ணீர்க் கட்டண ரசீதையும் அன்றைக்குக் காட்டச் சொல்கிறோம். ஆள் எண்ணிக்கையைக் கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்வது இரு தரப்புக்கும் சங்கடம், ரசீதைப் பார்ப்பதில் அந்தச் சங்கடம் இல்லை. யாராவது காலி செய்தால் உடனே வீவக பதிவில் மாற்ற வேண்டும், புதிதாக யாராவது வருவதென்றால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்பதை, சாவி கொடுக்கும் நாளில் குடிவருபவர்கள் எல்லாரையும் வைத்துக்கொண்டே தமிழில் சொல்கிறேன். முன்பெல்லாம் கையெழுத்துப் போடும் ஒருவரிடம் மட்டும் ஆங்கில ஒப்பந்தத்தைக் காட்டிவிட்டு வந்துவிடுவேன். மற்ற 5 பேரிடம் விதிகளைப் பற்றி நான் பேசியதே இல்லை.

இனி இப்படி ஒரு நிலைமை வந்தால் முதல் நாளே நான்கு வரி எழுதி வீவகவுக்கு அனுப்பிவிடுவேன்: இன்ன தேதியில் போய்ப் பார்த்தோம், இத்தனை பேர் இருக்கிறார்கள், இத்தனை நாளில் சரிசெய்கிறோம், விவரம் பின்னால் வரும். பட்டியலும் வரைபடமும் அப்புறம் போகலாம்.

கூடத்துத் தடுப்புக்குப் பின்னால் தங்கியிருந்த ஒருவர், உணவகத்தில் சமையல் வேலை செய்பவர், மார்ச் மாதம் தேக்காவில் (லிட்டில் இந்தியா வட்டாரம்) எதிர்ப்பட்டார். முன்பணம் சரியாக வந்துவிட்டது என்று நன்றி சொன்னார். இப்போது எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். வேறொரு பேட்டையில் ஒரு வீட்டில், படுக்கைக்கு 380 வெள்ளி. எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்றேன். "எண்ணல அண்ணே" என்றார். வீட்டுக்காரரிடம் அனுமதிக் கடிதத்தின் பிரதியைக் கேளுங்கள், அதில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள் என்று சொன்னேன். வீட்டுக்காரரை அவர் பார்த்ததே இல்லையாம். என் எண்ணை அவர் கைபேசியில் போட்டுக்கொடுத்துவிட்டு வந்தேன்.